தருதலும் கொடுத்தலும்

‘கிவ்’ என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் பொருள் கேட்டால், ‘தா’ என்றும் ‘கொடு’ என்றும் இரு விடைகள் வரும். பழைய ஆங்கிலத்தில் அவ்வினையின் முதலொலி யகரத்தை ஒத்திருந்தது. இன்றுள்ள ககர ஒலி ஸ்காண்டிநேவியர் பேச்சின் தாக்கத்தால் அமைந்தது. ஒலி மாறினும், பெறுபவர் தன்மையோ முன்னிலையோ படர்க்கையோ என்பதை அவ்வினை உணர்த்துவதில்லை.

தமிழ் மரபு வேறு. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வரையறுக்கிறது. ‘எனக்குத் தந்தான்’, ‘உனக்குத் தந்தான்’, ‘அவனுக்குக் கொடுத்தான்’ என்பனவே அம்மரபின்படி அமைந்த தொடர்கள். (இரப்போரின் நிலை நோக்கி ஈ, தா, கொடு என மூன்றாகப் பிரிக்கும் எச்சவியல் விதி வேறு, இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.) காலப்போக்கில் இவ்வரையறை நெகிழ்ந்தது. ‘அவருக்குப் பரிசு தந்தனர்’ என எழுத இன்று எவரும் தயங்குவதில்லை.

அவ்வாறாயின், இவ்விதி இலக்கண ஆசிரியர் வகுத்த செயற்கை வரம்போ என்னும் ஐயம் எழலாம். அதற்கான விடை நீலகிரி மலையில் ஒலித்துக்கொண்டிருந்தது. கனடாவில் பிறந்த மொழியியல் அறிஞர் எமனோ, 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் முதலியோரின் மொழிகளை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவு செய்தார். கோத்தர் கொல்லுத் தொழிலிலும் மட்பாண்டத் தொழிலிலும் இசையிலும் வல்லவர்கள். அவர்கள் வடித்த இரும்புக் கருவிகள் படகர் ஊர்களுக்குச் செல்லும். அங்கிருந்து தானியம் வரும். இவ்வாறு கொள்வதும் கொடுப்பதுமாக வாழ்ந்த அம்மக்களின் மொழிக்கு எழுத்து மரபு இல்லை. எனினும், எனக்கோ உனக்கோ அளிப்பதைக் குறிக்க ‘தா’ என்பதன் இனச்சொல்லையும், பிறருக்கு அளிப்பதைக் குறிக்கக் ‘கொடு’ என்பதன் இனச்சொல்லையும் அவர்கள் வழுவாது வழங்கினர். தொல்காப்பியம் கல்லாதோர் நாவில் அதன் விதி வாழ்ந்தது! நூல் வகுத்ததனால் வந்த வழக்கன்று. வழக்கை நோக்கியே நூல் வகுத்தது என்பது இதனால் தெளிவாகிறது.

வருதல், தருதல் என்னும் பொருளுடைய திராவிட வினைகளைப் பற்றி எமனோ 1945ஆம் ஆண்டு தனிக்கட்டுரை எழுதினார். பின்னர்ப் பர்ரோவுடன் இணைந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்தது. கோத்தர் சொற்கள் அதில் தமிழ்ச் சொற்களின் அருகிலேயே இடம்பெற்றுள்ளன. தமிழ்ப் பேச்சில் இன்று ‘எனக்குக் கொடு’ என்பதும் இயல்பாகிவிட்டது. மலையாளிகளோ இன்றும் தமக்குக் கேட்கும்போது ‘தா’ என்றும், பிறருக்கு அளிக்கச் சொல்லும்போது ‘கொடு’ என்றுமே பேசுகின்றனர்.