மூச்சு வாங்குபவர் எங்கே நடப்பது?

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருபவரிடமோ, வானூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை பார்ப்பவரிடமோ உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால், "செய்யற வேலை பத்தாதா?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்குக் கூலி வேலை பயிற்சி ஆகாது. அங்கே வேகத்தை வெயிலும் மேஸ்திரியும் முடிவு செய்கிறார்கள். பயிற்சியில் அந்த முடிவு நோயாளியின் கையில் இருக்க வேண்டும்.

கல்தூசியோ பீடியோ விறகடுப்புப் புகையோ, எதனால் கெட்டிருந்தாலும் நுரையீரலை நடை சரிசெய்துவிடாது. தேறுவது கால்தான். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்தே இருப்பவருக்குத் தொடைத் தசை கரைகிறது. கரைந்த தசை நாலு எட்டிலேயே களைத்துப்போய் இன்னும் அதிக மூச்சைக் கேட்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று 2015-இல் 65 ஆய்வுகளை அலசிப் பார்த்தது. பயிற்சி எடுத்தவர்களுக்குத் திணறலும் சோர்வும் குறைந்திருந்தன. பலன் உண்டா என்ற விவாதம் அத்தோடு முடிந்தது. எங்கே, எப்படிச் செய்வது என்பதுதான் மிச்சம்.

முதல் வழி, மருத்துவமனைக்குப் போய் இயன்முறை மருத்துவர் கண்முன்னே செய்வது. வாரம் இரண்டு மூன்று நாள், எட்டு வாரமாவது ஆகும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைப் பார்த்துக்கொண்டே நடக்க வைப்பார்கள். நடக்கும்போது ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்குபவர், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர், இதய நோயும் சேர்ந்தவர், அண்மையில் நோய் முற்றிப் படுக்கையில் இருந்து வீடு திரும்பியவர் ஆகியோருக்கு இதுவே ஏற்றது. வானூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம். விழுப்புரம் போகிறவர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இடைஞ்சல் பஸ் பயணமும் இழக்கும் கூலியும்தான். பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் அதனால்தான் நிற்கிறார்கள்.

இரண்டாவது, வீட்டிலேயே செய்வது. இதை இளப்பமாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஆன் ஹாலண்ட் குழுவினர் 166 பேரை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்கு ஒரே ஒரு முறை போனார்கள், பிறகு வாரம் ஒரு போன் கால் வீதம் ஏழு முறை பேசினார்கள். எட்டு வார முடிவில், மையத்துக்கு வந்து செய்தவர்களுக்கு இவர்கள் சளைக்கவில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டு நடைக்கு அளவு இதுதான்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அரை மணி நேரம் தொடர்ந்து முடியாதவர் இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திணறும்போது மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

யோகா? டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 60 நோயாளிகளிடம் 12 வாரம் ஒப்பிட்டுப் பார்த்து, வழக்கமான பயிற்சிக்கு ஈடாகவே இருந்ததாக 2015-இல் சொன்னார்கள். சிறிய ஆய்வு, நடையை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்ள அது போதாது. கபாலபாதி போல மூச்சை உந்தித் தள்ளுவதை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும், மூச்சை இழுத்து மூன்று பந்தை மேலே ஏற்றும் கருவி அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கானது. அதை வாங்கி வைத்துக்கொண்டு நடையை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர்!

எந்த வழியானாலும் முதல் நாள் மருத்துவமனையில்தான். அங்கே 30 மீட்டர் நடைபாதையில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுத் தூரத்தைக் குறிப்பார்கள். எட்டு வாரம் கழித்து அது ஏறத்தாழ 30 மீட்டர் கூடியிருந்தால் நல்ல முன்னேற்றம். ஆக்சிஜன் இறங்காமல் இருந்தால் வீட்டு வழியே மேல். இறங்கினால் மையம்தான், தயக்கமே வேண்டாம். உப்பளத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாத்தி வேலை நின்றுவிடும். ஐப்பசியில் மையத்தில் சேர்ந்தால், கூலி போகாமல் எட்டு வாரத்தையும் முடித்து, தை பிறந்து பாத்தி கட்டத் தொடங்குமுன் திரும்பிவிடலாம்.