புல் தரையில் கீரைப் பாத்தி

கொல்லையில் புல் மண்டிக் கிடக்கிறதா? மேட்டுப்பாத்தி போடலாம். ஆனால் அது என்ன புல் என்று முதலில் பாருங்கள்.

அறுகு என்றால் ஒட்ட அறுத்துவிட்டு, பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுநாடாவை உரித்து, நனைத்து, இடைவெளி இல்லாமல் பரப்புங்கள். அதன்மேல் 1 அடி உயரத்துக்கு இரண்டு பங்கு மண்ணும் ஒரு பங்கு மக்கிய சாணமும் கலந்து கொட்டுங்கள். ஓரத்தில் ஊர்ந்து வரும் அறுகை அவ்வப்போது வெட்டிவிட வேணும், அவ்வளவுதான்.

கோரை அப்படியில்லை. தண்டை விரலால் உருட்டினால் மூன்று பட்டை தெரியும். அடியில் கிழங்குச் சரம். மூடினால் சாகாது. நானே ஏமாந்தேன். வெண்டை விதைத்துக் காத்திருந்தால், அதற்கு முன்னே கோரை அட்டையைக் குத்திக்கொண்டு நின்றது! ஈரமண்ணைக் கடப்பாரையால் நெம்பிக் கிழங்கைப் பொறுக்குங்கள். முளைக்க முளைக்க மறுபடியும் பொறுக்கணும். அலுப்புதான்.

அதற்காகக் களைக்கொல்லி அடிக்காதீர்கள். கொல்லை அறுகைப் பறித்துக் காலையில் சாறு குடிக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். மருந்தடித்தது ஒருவர், பறித்தது இன்னொருவர் என்றால் என்ன ஆகும்?

பாத்தி 4 அடி அகலத்தைத் தாண்ட வேண்டாம். இரு பக்கமிருந்தும் கை எட்டணும், உள்ளே மிதித்தால் மண் இறுகிவிடும். முதலில் சிறுகீரை தூவுங்கள். சுமார் 25 நாளில் பறித்துவிடலாம்.