லாட்டை ஏற்றியது யாரை விரட்ட?

கேள்வி: வாரம் ஐந்தாயிரம், பத்தாயிரம் போட்டு நிஃப்டி, பேங்க் நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். லாட் பெரிதாகிவிட்டது, பேங்க் நிஃப்டி வீக்லியும் போய்விட்டது. பணம் என்னுடையது, நஷ்டமும் என்னுடையது. பெரிய முதலைகளை விட்டுவிட்டு, செபி சின்னவனை மட்டும் ஏன் விரட்டுகிறது? – ஒரு வாசகர், ஈரோடு.

பதில்: விரட்டத்தான் செய்கிறது, அதில் ஒளிவுமறைவு இல்லை. 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கையில், இன்டெக்ஸ் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக ஏற்றினார்கள். முன்பு அது 5 முதல் 10 லட்சத்துக்குள் இருந்தது. ஒரு ஒப்பந்தத்தின் அளவான லாட், நிஃப்டியில் 25-லிருந்து 75-க்குத் தாவியது அதனால்தான். ஒரு சந்தைக்கு ஒரு இன்டெக்ஸில் மட்டுமே வீக்லி எக்ஸ்பைரி என்று சொன்னதும் அதே சுற்றறிக்கை.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் செபியின் ஆய்வு வந்தது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேலான தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரி, செலவுகள் உட்பட, சுமார் 2 லட்சம் ரூபாய். இதை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். மீதி 7 சதவீதத்தில் நாமும் ஒருவர் என்ற நம்பிக்கையில் தொடர்ந்திருப்பீர்கள்.

அதே ஆய்வின் இன்னொரு பகுதியைப் பாருங்கள். 2023-24-இல், செலவுகளைக் கழிக்கும் முன்பே தனிநபர்கள் இழந்தது சுமார் 61,000 கோடி. சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் புரோக்கிங் நிறுவனங்களுக்குக் கிடைத்த லாபம் 33,000 கோடி. வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களுக்கு 28,000 கோடி. கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகும். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் அல்காரிதம் வழியாக வந்தது. பங்கு வாங்கினால் கம்பெனி வளர வளர எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கலாம். ஆப்ஷனில் அப்படி இல்லை: ஒருவர் பாக்கெட்டிலிருந்து எடுத்தால்தான் இன்னொருவருக்கு. புரோக்கரேஜ், எஸ்.டி.டி., ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்கு மேல்.

சின்ன முதலுக்கு ஆப்ஷனை விற்க மார்ஜின் போதாது, வாங்கத்தான் முடியும். வாங்கியவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் பிரீமியம் கரையும். எக்ஸ்பைரி அன்று மதியம் 20 ரூபாய்க்கு வாங்கிய கால் ஆப்ஷன், நிஃப்டி கொஞ்சம் மட்டும் ஏறினாலும் மூன்றரை மணிக்குப் பூஜ்யமாகிவிடலாம். திசையைச் சரியாகச் சொல்லியும் பணம் போவது இப்படித்தான்.

முதலைகளை விட்டுவிட்டார்கள் என்பது முழுக்கச் சரியல்ல. 2025 ஜூலை 3-இல் அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டு, 4,843 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது. காலையில் பேங்க் நிஃப்டிப் பங்குகளை வாங்கி இன்டெக்ஸைத் தூக்கிவிட்டு, இன்னொரு பக்கம் அது இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களைப் பெருமளவில் சேர்த்து, பிறகு பங்குகளை விற்றுத் தள்ளியதாகக் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. நீங்கள் சார்ட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த அதே பேங்க் நிஃப்டிதான்.

ஆனால் லாட் சைஸ் என்பது மழுங்கிய கத்தி என்பதே என் கருத்து. விலகுகிறவர் தப்பிப்பார், விலகாதவர் 500 ரூபாய் இழந்த இடத்தில் 1,500 இழப்பார். ஆப்ஷன் செய்ய வருகிறவரின் வருமானத்தையும் விவரம் தெரிந்தவரா என்பதையும் பார்த்து அனுமதிப்பது இதைவிட நேர்மையானது. 2024-25-இல் தனிநபர் நிகர நஷ்டம் 1.05 லட்சம் கோடியாக ஏறியது உண்மை. புதிய விதிகள் நவம்பர் 20 முதல்தான் படிப்படியாக வந்ததால், அந்த ஆண்டை வைத்து மட்டும் விதியைக் குறை சொல்ல முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று. எஃப் அண்ட் ஓ நஷ்டம் வருமான வரியில் வணிக நஷ்டம். வீட்டில் தெரிந்துவிடும் என்று பலர் இதை ரிட்டர்னில் காட்டுவதே இல்லை. புரோக்கரிடம் வரிக்கான லாப-நஷ்ட அறிக்கையை வாங்கி, கெடு தேதிக்குள் ஐ.டி.ஆர்.-3 தாக்கல் செய்தால், மிச்ச நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோய் பிற்கால வணிக லாபத்தில் கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது.