வண்டி வந்து சேரும்வரை

கிராமங்களில் முதலுதவித் தொண்டர்களாகப் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு, கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான் எழுதுவது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஓடுகிறது. ஆனாலும் தார்ச்சாலையை விட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்கு அது வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் ஊரே கூடி ஆளுக்கொன்று செய்யும். பாசத்தில்தான் செய்கிறார்கள். பிழைத்திருக்க வேண்டிய உயிர் போவதும் பலமுறை அதனால்தான். தெரிந்ததைச் செய்வதோடு, கூடாததைப் பிறர் செய்யவிடாமல் தடுப்பதும் உங்கள் வேலை. இரண்டில் தடுப்பதுதான் கடினம்.

1. முதலில் முறையான பயிற்சிக்குப் போங்கள். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்துகின்றன. மூச்சு நின்றவரின் மார்பை அழுத்துவதைப் படித்துக் கற்க முடியாது. பெரியவர்களுக்கு மார்பின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விடவேண்டும். பொம்மையில் கை வலிக்கப் பழகினால்தான் இது வரும். இரண்டே நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும் என்பதால் தெருவுக்கு இரண்டு பேராவது பழகியிருங்கள்.

2. 108-ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. மாவட்டம், தாலுகா, ஊராட்சி, பக்கத்தில் இருக்கும் மேல்நிலைத் தொட்டியோ கோயிலோ பள்ளிக்கூடமோ, எல்லாம் சொல்லுங்கள். ஒருவரை டார்ச் லைட்டோடு முக்குரோட்டில் நிறுத்துங்கள். அழைத்த போனில் வேறு யாருடனும் பேசாதீர்கள். டிரைவர் திரும்ப அழைப்பார்.

3. உங்கள் உயிரைப் பாருங்கள். மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்துக் கிடப்பவரைத் தொடுமுன் மெயினை அணையுங்கள். கிணற்றில் விழுந்தவருக்குக் கயிறோ வேட்டியோ வீசுங்கள், பின்னாலேயே குதிக்காதீர்கள். வெளியே எடுத்தபின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க நாலு பேர் முன்வருவார்கள். விடாதீர்கள். மூச்சில்லை என்றால் முதலில் ஊதி மூச்சுக் கொடுத்து, பிறகு மார்பை அழுத்துங்கள்.

4. பாம்புக்கடி. நம் பக்கம் பெரும்பாலும் உயிரெடுப்பவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலும்தான். நாலுக்கும் ஒரே மருந்து. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் விஷம் அந்த மருந்து தயாரிக்கத்தான் போகிறது. எனவே பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்து வரத் தேவையில்லை. தேடிப் போகிறவரும் கடிபடுவார்.

கயிறு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, எதையும் அனுமதிக்காதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கியபின் கழலாது. கடிபட்ட காலுக்குக் கட்டை வைத்து, அசையாதபடி தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரை அது தீண்டும். பல நேரம் வலியும் இராது, வீக்கமும் இராது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று ஒருவர் எழுந்து, இமை தானாக இறங்கி, பேச்சும் குழறினால் அஜீரணம் என்று கஷாயம் வைக்கவிடாதீர்கள். அடுத்து நிற்கப்போவது மூச்சு. வழியில் நின்றால், ஆஸ்பத்திரி சேரும்வரை நீங்கள் ஊதும் மூச்சிலேயே அவர் பிழைப்பார்.

மந்திரிக்க வந்த பெரியவரோடு அங்கே வாதாட வேண்டாம். “வண்டியிலேயே மந்திரியுங்கள் ஐயா, ஊசி போட்டபின் மிச்சத்தைப் பார்ப்போம்” என்று அவரையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள். சும்மா இருக்கும் ஒரு நாளில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, கடிபட்டு வருபவர்களை உடனே அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

5. பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புத் தண்ணீரையும் சாணிக் கரைசலையும் ஊற்றி வாந்தி எடுக்கவைப்பது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அந்த வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, நனைந்த துணியைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து டப்பாவை லேபிளோடு கொண்டு போங்கள்.

கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் வீட்டார் எதைக் குடித்தார் என்பதையே மறைப்பார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விடத் துணிந்தவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தரச் சொல்கிறது. இதை அம்மாவின் காதில் மெதுவாகச் சொல்லுங்கள், உண்மை வரும். நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் டாக்டரிடம் தவிர யாரிடமும் சொல்லாதீர்கள், உங்கள் வீட்டிலும்கூட. ஒரு பெண்ணின் கதை உங்கள் வாயால் டீக்கடைக்குப் போய்விட்டால், அடுத்த வீட்டில் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

6. நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் வாயு என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். உட்காரவைத்து, நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள்.

7. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். தீக்காயத்துக்கு இங்க்கும் பேஸ்ட்டும் வேண்டாம், 20 நிமிடம் ஓடும் தண்ணீர்.

8. சாலை விபத்தில் சாட்சிக்கு அலைய வேண்டிவரும் என்று ஒதுங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. விருப்பமில்லை என்றால் பெயரைக்கூடச் சொல்லவேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது.

9. எல்லாம் சரியாகச் செய்தும் சிலர் போய்விடுவார்கள். அந்த வீட்டு எட்டாம் நாளுக்குப் போய்ச் சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர்களுக்கும் அது வேண்டும், உங்களுக்கும் வேண்டும். பல இரவு தூக்கம் வரவில்லை என்றால் உடன் வந்த தொண்டரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்.

10. இந்த வாரமே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பாம்புக்கடி மருந்து இருப்பில் இருக்கிறதா, இரவில் யார் இருப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்து எங்கே போவது என்று கேளுங்கள். கிடைத்த பதிலைப் பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்.