பழம்பதிப்புகளைக் காத்தவர்

ஒரு நூல் முதன்முதலில் அச்சேறி வெளிவரும் வடிவம் முதற்பதிப்பு எனப்படும். பின்வரும் பதிப்புகளில் சொற்கள் மாறலாம், முன்னுரை விடுபடலாம். நூலின் தொடக்க வடிவை அறிய முதற்பதிப்பே சான்றாகும்.

கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் பழைய தமிழ் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். இதழ்கள், நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள் எனப் பிறர் வீசியெறியும் தாள்களையும் பாதுகாத்தார். 1992இல் அவர் மறைந்தார். வாழ்நாள் உழைப்பு சிதறிவிடுமோ என்னும் நிலை ஏற்பட்டது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஆயினும் கடல்கடந்து கொண்டுசெல்லவில்லை. அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது.

முனிர்காவில் வீடு மாறும்போது எடைக்குப் போடும் தாள்களிடையே தாத்தா படித்த தமிழ்ப் பாடநூலும் இருக்கக்கூடும். போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

அருஞ்சொற்பொருள்
அச்சேறுதல் – அச்சிடப்படுதல்
சான்று – ஆதாரம்

பயிற்சி
1. முதற்பதிப்பு ஏன் சான்றாகக் கொள்ளப்படுகிறது?
2. செட்டியார் நூல்களோடு எவற்றையெல்லாம் சேர்த்தார்?
3. பிரித்து எழுதுக: முதற்பதிப்பு, பழம்பதிப்பு.
4. செயல்பாடு: உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய தமிழ் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றைக் குறித்து வருக.