ஒத்ததிர்வுக் குறியலை: மெய்யும் நிழலும்

முன்னுரை

ஒரு சேர்மத்தின் அமைப்பை நிறுவ முயலும் ஆய்வு மாணவர், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் தோன்றும் முகடுகளைச் சான்றாகக் கொள்கிறார். அவற்றுள் ஒன்று கருவி அமைப்பால் விளைந்த நிழலாயின், அவர்தம் முடிவே பிழைபடும். ஆதலின் குறியலையைக் கண்டறியும் முறையையும், அதனை எண்களாக்கும் முறையையும் இங்கு நாம் காண்போம்.

கண்டறியும் முறைகள்

1946இல் பிளாக்கும் பர்செலும் தனித்தனியே வெளியிட்ட இவ்வொத்ததிர்வு ஆய்வு, 1952இல் நோபல் பரிசு பெற்றது. 1966இல் எர்ன்ஸ்ட், ஆண்டர்சன் ஆகியோர் துடிப்பு முறையோடு ஃபூரியே மாற்றத்தை இதில் இணைத்தனர்.

துடிப்புக்குப்பின் தேயும் குறியலை, ஓர் ஒப்பீட்டு அதிர்வெண்ணோடு ஒப்பிடப்படுகிறது. ஒரே தடத்தில் கண்டறிந்தால், அவ்வெண்ணுக்கு 500 ஹெர்ட்ஸ் மேலுள்ளதும் கீழுள்ளதும் ஒன்றாகவே தோன்றும். எனவே ஒப்பீட்டு அதிர்வெண்ணை நிறமாலையின் ஓரத்தில் வைக்க நேரும். அப்பாலுள்ள இரைச்சலும் உள்ளே மடங்கிச் சேரும். 90 பாகைக் கட்ட வேறுபாடுடைய இரு தடங்களில் கண்டறிந்தால் இக்குழப்பம் நீங்கும். ஒப்பீட்டு அதிர்வெண்ணை நடுவில் வைக்கலாம். குறியலை-இரைச்சல் விகிதமும் ஏறத்தாழ 1.4 மடங்காகும். ஆயினும் இரு தடங்களும் சமமாக இல்லையெனில், நடுவுக்கு மறுபுறம் அதே தொலைவில் போலி முகடு தோன்றும். துடிப்பின் கட்டத்தையும் ஏற்பியின் கட்டத்தையும் 90 பாகையாக நான்கு படிகளில் சுழற்றிக் கூட்டுவதால் அதனை நீக்கலாம்.

இலக்கமாக்கியின் அமைப்பு

400 மெகாஹெர்ட்ஸ் கருவியில், மில்லியனில் 20 பகுதி அகலம் என்பது 8,000 ஹெர்ட்ஸ் ஆகும். இதற்கு இரு தடங்களிலும் சேர்த்து நொடிக்கு 16,000 அளவீடுகள் வேண்டும். 32,768 புள்ளிகள் எடுக்க 2.048 நொடி ஆகும். குறியலை தேய்ந்தபின்னும் பதிவை நீட்டித்தால் இரைச்சலே மிகும்.

அகலத்தைக் குறுக்கினால், வெளியே நிற்கும் முகடு உள்ளே மடங்கித் தவறான இடத்தில் தோன்றும். இன்றைய கருவிகள் தேவைக்கு மிகையாக அளந்து, எண்முறை வடிகட்டியால் இதனைப் பெரிதும் தடுக்கின்றன.

பெருக்கத்தின் அளவும் கருதத்தக்கது. மிகுந்தால் குறியலையின் உச்சி வெட்டுண்டு அடிக்கோடு சிதையும். குறைந்தால் மெலிந்த குறியலை படிகளுக்கிடையே மறையும். 16 பிட் இலக்கமாக்கிக்கு 65,536 படிகளே உண்டு. நீரிலுள்ள புரோட்டான்களோ ஏறத்தாழ 111 மோலார். கரைபொருளில் 1 மில்லிமோலார் எனில், நீரின் குறியலை 1,11,000 மடங்கு பெரிது. நீரின் குறியலையை முன்னரே ஒடுக்கினாலன்றிப் பெருக்கத்தை உயர்த்த இயலாது.

முடிவுரை

ஐயத்திற்குரிய முகட்டைச் சோதிக்கும் வழி எளியது. ஒப்பீட்டு அதிர்வெண்ணைச் சிறிது நகர்த்தி மீண்டும் பதிவு செய்க. மெய்யான முகடு தன் வேதிப் பெயர்ச்சியிலேயே நிற்கும்; நிழல் இடம் மாறும். அகலம், புள்ளிகள், பெருக்கம், ஒப்பீட்டு அதிர்வெண் ஆகிய நான்கையும் மாணவர்கள் செய்முறைக் குறிப்பேட்டில் தவறாது எழுதிவைத்தல் வேண்டும். பிறரொருவர் அதே சோதனையைச் செய்து சரிபார்க்க அதுவே துணையாகும்.