ஆடியவரே ஆசானாக

“பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனி விளையாட்டு எதற்கு?” சங்கரன்கோவிலில் நம் வீடுகளில் எழும் கேள்வி இது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையின் வாழ்க்கை அதற்கு நல்ல பதில்.

1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டத்தில் சிறந்து, 19 வயதிலேயே அவர் இந்திய மகளிர் அணியின் தலைவியானார். ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடினார். விளையாட்டே அவருக்குத் தென்னக ரயில்வேயில் வேலையும் தந்தது. தாயான பின்னும் களம் திரும்பினார். 2021ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவர் ஒதுங்கிவிடவில்லை. பயிற்சியாளராகி இளையோருக்குக் கற்பித்தார். களத்தில் ஐவர் ஆடினாலும், களைத்தவளை எப்போது மாற்றுவது, எதிரணியை எங்கே மடக்குவது என்று ஓரத்தில் இருந்து கவனிப்பவர்கள் பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளருமே. ஆடிப் பழகிய கண்ணுக்கே அது எளிதில் புலப்படும்.

ஆகவே தோழியரே, பாடநூலைக் கையில் எடுப்போம், பந்தையும் கைவிடாதிருப்போம்!